பழைய டோவர் அடுப்புக்குப் பெயின்ட் அடிக்கும் முன்

(பிள்ளைக்காம்பரா ஆயாமார் கூட்டத்தில் பேசியது)



துரை பங்களாவில் சும்மா கிடந்த வார்ப்பிரும்பு டோவர் அடுப்பைப் பிள்ளைக்காம்பராவுக்குக் கொண்டு வந்தோம். துருவை மறைக்க, கதவுக்கு அடிக்கிற கறுப்புப் பெயின்டை அடிச்சோம். மறுநாள் பால் காய்ச்ச நெருப்பு மூட்டியதும் பெயின்ட் கொப்புளித்து ஒரே புகை. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினோம். தப்பு எங்க மேலதான்.

இனிச் செய்ய வேண்டியதைக் கேளுங்க. பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். அந்தத் தூசு பிள்ளைகளின் மூளையைக் கெடுக்கும். நாலு பேர் சேர்ந்து அடுப்பை வெளியே தூக்கி வைத்து, தண்ணீர் தொட்டு நனைத்தே சுரண்டணும். பிள்ளைகள் கிட்ட வரக்கூடாது. சுரண்டியதைப் பையில் கட்டுங்க, கானில் கொட்டாதீங்க. அடுப்புக் கதவோரத்துப் பழைய கயிற்றில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம், பிய்க்காதீங்க.

நல்லாக் காய்ந்ததும், 600 பாகை சூடு தாங்கும் அடுப்புப் பெயின்டை மெல்லிசாய் இரண்டு தரம் அடிக்கணும். சட்டி வைக்கும் மேல்தட்டுக்குப் பெயின்ட் கூடாது. தேங்காயெண்ணெய் கொஞ்சம் தடவினால் போதும். முதல் நெருப்பைப் பிள்ளைகள் இல்லாத நாளில், ஜன்னலைத் திறந்து, சின்னதாய் மூட்டுங்க.

அந்தப் பெயின்ட் கிடைக்காட்டி அடிக்கவே வேணாம். அடுப்பு மினுங்காட்டியும் பரவாயில்லை. பிள்ளைகள் நல்ல காற்றைச் சுவாசிக்கணும்.