உடைத்துக் காட்டிய சிலம்பு

(தலைப்பு: பிள்ளைகளின் படிப்பு பெரிதும் வளர்வது கணினித் திரையாலா, செய்து பார்க்கும் கையாலா? ‘செய்து பார்க்கும் கையாலே’ என்ற அணியில் பேசியது.)



காட்டேரிக்குப்பத்தில் பட்டிமன்றம் என்று வீட்டில் சொன்னேன். எங்க வீட்டுக்காரர், “பேரே பயமா இருக்கே, ராத்திரி நேரத்துல போகணுமா?” என்று கேட்டார். “பயப்படாதீங்க, காட்டேரியே எதிர்ல வந்தாலும் நான் பேசற பேச்சுல ஓடிடும்”னேன். “அது எனக்குத் தெரியாதா? இருபத்தஞ்சு வருஷமா நான்தானே ஓட முடியாம உட்கார்ந்திருக்கேன்”னார். (சிரிப்பு)

வந்து பார்த்தால் கரும்பும் நெல்லும் விளைகிற ஊர். இளங்கோ அடிகள் பெயரில் அரசு மேல்நிலைப் பள்ளி வைத்திருக்கிற ஊர். நடுவர் அவர்களே, எனக்குப் பாதிப் பேச்சு அந்தப் பெயர்ப் பலகையிலேயே கிடைத்துவிட்டது.

இளங்கோ அடிகள் என்ன எழுதினார்? சிலப்பதிகாரம். அதிலே கண்ணகி பாண்டியன் சபைக்கு வந்து நிற்கிறாள். “என் கணவன் கள்வன் இல்லை” என்கிறாள். வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? “உன் தேவியின் சிலம்புக்குள்ளே என்ன இருக்கு?” “முத்து.” “என் சிலம்புக்குள்ளே மாணிக்கம்.” சொல்லிவிட்டு, சிலம்பை எடுத்துச் சபை நடுவே உடைத்தாள். மாணிக்கம் தெறித்தது. வழக்கு முடிந்தது. ஐயா, அது வழக்கு மட்டுமா? அது ஒரு சோதனை! கையால் செய்து, கண்ணால் கண்டு, அரசனே ஒத்துக்கொண்ட சோதனை! (கைதட்டல்)

எதிரணித் தம்பி அங்கே இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்? “மன்னா, கொஞ்சம் விளக்கை அணையுங்கள்” என்று சொல்லிச் சிலம்பைத் திரையில் சுற்றிச் சுற்றிக் காட்டியிருப்பார். பாண்டியனும், “ரொம்ப நல்லா இருக்கு தம்பி, அடுத்த படத்தைப் போடு” என்று சொல்லியிருப்பான். (சிரிப்பு)

தம்பி நன்றாகத்தான் பேசினார். துடிக்கிற இதயத்தைத் திரையில் காட்டலாம், எரிமலையைக் காட்டலாம் என்றார். மறுக்கவில்லை. ஆனால் அந்த நேரத்தில் பிள்ளை என்ன செய்கிறது? கையைக் கட்டிக்கொண்டு பார்க்கிறது. முன்பு ஆசிரியரைப் பார்த்தது, இப்போது திரையைப் பார்க்கிறது. கட்டிய கை கட்டியபடியே இருக்கிறதே!

இதோ பாருங்கள். என் கையில் தீக்குச்சி. சைக்கிள் வால்வு டியூபை வெட்டிய சின்னத் துண்டுகள். நாலு குச்சியைக் கோத்துச் சதுரம் செய்திருக்கிறேன். ஒரு விரலால் தள்ளுகிறேன். சாய்ந்து போச்சு. இது மூணு குச்சி, முக்கோணம். தள்ளுகிறேன். அசையவே மாட்டேங்குது. (கைதட்டல்) இனி அந்தப் பிள்ளை மின்சாரக் கோபுரத்தைப் பார்த்தால், கம்பியெல்லாம் ஏன் முக்கோணம் முக்கோணமா போகுதுன்னு யாரும் சொல்ல வேண்டாம். ஓட்டு வீட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்தாலும் புரியும். இந்தத் தீக்குச்சிப் பாடத்தை ஊரெல்லாம் பரப்பியவர் அரவிந்த் குப்தா. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த பொறியாளர். குப்பையில் போகிற பொருளை வைத்துப் பிள்ளைகளுக்குப் பொம்மையும் அறிவியலும் சொல்லிக்கொடுத்தார். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

அவர் இதற்கெல்லாம் பாடம் படித்த இடம் மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத். 1972-இல் அங்கே 16 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு முயற்சி தொடங்கினார்கள். அறிவியலை மனப்பாடம் செய்யக் கூடாது, சோதனை செய்து பார்த்துப் பிள்ளையே முடிவுக்கு வரட்டும் என்றார்கள். தேர்விலே புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதலாம்! நம்ம வீட்டுப் பிள்ளைகள் கேட்டால் இன்றைக்கே ரயில் ஏறிவிடும். (சிரிப்பு) ஆனால் புத்தகத்தில் விடை இருக்காது. செய்து பார்த்தவனுக்குத்தான் விடை தெரியும். 2002-இல் அரசு அதை நிறுத்திவிட்டது. முப்பது வருஷம் எத்தனையோ கிராமத்துப் பள்ளிகளில் அது நடந்தது என்பதை யாரும் அழிக்க முடியாது.

“அதெல்லாம் வடக்கே அம்மா, நம்ம பக்கம் நடக்குமா?” என்று கேட்கலாம். நடந்தது. 2003-இல் சென்னை மாநகராட்சி ஆணையராக எம்.பி. விஜயகுமார் இருந்தபோது, ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளிகளைப் பார்த்துவிட்டு, 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார்கள். ஆசிரியர் நாற்காலியை விட்டு இறங்கிப் பாயில் உட்கார்ந்தார். சுவரின் கீழ்ப்பாகத்தில், பிள்ளை கைக்கு எட்டுகிற உயரத்தில் கரும்பலகை வந்தது. அட்டையை எடுத்து, மணியைக் கோத்து, தன் வேகத்தில் பிள்ளை படித்தது. 2007-இல் அது தமிழ்நாடு முழுக்க 37 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. அட்டை கிழிந்தால் மாற்று அட்டை வேண்டும், ஆசிரியருக்குப் பயிற்சி வேண்டும், எல்லாம் உண்மைதான். ஆனால் கரும்பலகை கீழே இறங்கியதே, அது சாதாரண விஷயமா? அதுவரை அது வாத்தியாருக்குச் சொந்தம். அன்றைக்குத்தான் அது பிள்ளைக்குச் சொந்தமானது! (கைதட்டல்)

இப்போது எதிரணியின் கணினிக்கு வருகிறேன். தென் அமெரிக்காவில் பெரு என்று ஒரு நாடு. பிள்ளைகளுக்கு 8 லட்சத்துக்கும் மேலே மடிக்கணினி வாங்கிக் கொடுத்தார்கள். 2012-இல் ஆய்வு செய்து பார்த்தால், கணக்கிலும் மொழிப் பாடத்திலும் மாற்றம் தெரியவில்லை. ஏன்? கருவி போச்சு, அதை வைத்து என்ன செய்யணும் என்கிற பாடம் கூடப் போகவில்லை. அவ்வளவு தூரம் எதுக்கு? கொரோனா காலத்தில் நம்ம பிள்ளைகள் திரையிலேதானே படித்தார்கள்? வீட்டுக்கு ஒரு போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். கடைசியில் தமிழ்நாட்டு அரசு என்ன செய்தது? 2021 அக்டோபரில், நம்ம பக்கத்திலே மரக்காணம் வட்டாரத்து முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கியது. தெருவுக்குத் தெரு ஒரு தன்னார்வலர், சுற்றிலும் பிள்ளைகள், பாட்டு, விளையாட்டு, பாடம். திரை விட்ட இடத்தை நிரப்ப மனுஷங்கதான் வர வேண்டியிருந்தது!

எதிரணித் தங்கை வில்லியனூர்க் கதையைச் சொன்னார். 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்துக் கிராமங்களில் கணினித் தகவல் மையங்கள் திறந்தது. வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலையின் உயரத்தை எடுத்து, ஒலிபெருக்கியில் மீனவர்களுக்குச் சொன்னார்கள். “பார்த்தீங்களா, கணினியின் பெருமை!” என்றார் தங்கை. அம்மா தங்கச்சி, நீ என் கட்சிக்குத்தான் பேசியிருக்கே! (சிரிப்பு) அந்தக் கணினியை இயக்கியது யார்? அந்தந்த ஊர்க்காரர்கள், அதிலும் நம்ம பெண்கள். எங்களுக்கு எது வேணும், அலை உயரம் வேணும் என்று கேட்டது யார்? ஊர்க்காரர்கள். கருவியைத் தொட்டு, திருகி, தன் தேவைக்குத் திருப்பிக்கொண்டார்களே, அதுதான் செய்து கற்பது.

ஆரோவில் பக்கம் இடையஞ்சாவடியில் உதவி பள்ளி என்று ஒன்று இருக்கிறது. அங்கேயும் கணினி இருக்கிறது. பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டு உட்காரவில்லை. தாங்களே நிரல் எழுதி விளையாட்டு செய்கிறார்கள், கணக்கை உருவமாக்கிப் பார்க்கிறார்கள், மின்னணுப் பொருளைக் கோத்துப் பார்க்கிறார்கள். குயவன் கையில் களிமண் மாதிரி அந்தப் பிள்ளை கையில் கணினி. அப்படிப்பட்ட கணினிக்கு நான் எதிரி இல்லை, நடுவர் அவர்களே. சுவரில் தொங்கிக்கொண்டு, “தொடாதே, கெட்டுப்போகும்” என்று சொல்லி வைத்திருக்கிற கணினிக்குத்தான் நான் எதிரி.

தொடாதே என்கிற சொல் திரைக்கு மட்டுமா? எத்தனை பள்ளியில் ஆய்வகம் பூட்டியே கிடக்கிறது! “கண்ணாடிச் சாமான், உடைஞ்சா யார் பதில் சொல்றது?” என்று பயம். கண்ணகி உடைத்தாள், நீதி வந்தது. இங்கே உடையக் கூடாதென்று பூட்டினோம், படிப்பு உள்ளேயே மாட்டிக்கிச்சு! (கைதட்டல்) பிப்பெட்டைப் படத்தில் மட்டும் பார்த்த பிள்ளை செய்முறைத் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கி வருகிறது.

தாய்மார்களே, இது உங்கள் வீட்டுச் சமாச்சாரம். பக்கத்திலேயே சேதராப்பட்டில் தொழிற்பேட்டை இருக்கிறது. நாளைக்கு உங்க பிள்ளை ஒரு கம்பெனி வாசலில் போய் நிற்கும். “இந்த மோட்டார் ஓடலை, என்னன்னு பார்” என்பார்கள். கழற்றிப் பழகிய பிள்ளை உள்ளே போகும். படத்தில் மட்டும் பார்த்த பிள்ளை, கையில் சான்றிதழை வைத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே நிற்கும். பணம் உள்ள வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளியில் கிடைக்காததை அப்பா கடையில் வாங்கிக் கொடுப்பார். கரும்பு வெட்டுகிற வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம்தானே ஆய்வகம், பள்ளிக்கூடம்தானே பட்டறை? அங்கேயும் தொடாதே என்றால் அது எங்கே போய்த் தொடும்?

ஆகவே நடுவர் அவர்களே, திரை வரட்டும், கணினி வரட்டும், நாளைக்கு வேறு எதுவும் வரட்டும். வந்ததெல்லாம் பிள்ளை கைக்கு வரட்டும். ஆய்வகச் சாவியை ஆணியிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளின் படிப்பு பெரிதும் வளர்வது செய்து பார்க்கும் கையாலே என்று தீர்ப்புச் சொல்லுங்கள்.  (பலத்த கைதட்டல்)