ஒரு வாளி ஐஸ் தண்ணீர்
2014 கோடையில் அமெரிக்காவில் பலர் ஐஸ் தண்ணீரை வாளியோடு தலையில் கவிழ்த்துக்கொண்டார்கள். அதை வீடியோ எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டார்கள். கூடவே மூன்று பேரைப் பெயர் சொல்லி அழைத்து, "24 மணி நேரத்துக்குள் நீங்களும் ஊற்றிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் நன்கொடை கொடுங்கள்" என்றார்கள். பலர் இரண்டையும் செய்தார்கள்.

தசைகளை முடக்கிப்போடும் ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோய்க்காக நடந்த நிதி திரட்டல் இது. அமெரிக்காவின் ஏ.எல்.எஸ். சங்கத்துக்கு மட்டும் சுமார் 11.5 கோடி டாலர் சேர்ந்தது! பொதுவாகக் கேட்டால், வேறு யாராவது கொடுப்பார்கள் என்று நகர்ந்துவிடுவோம். நண்பர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் தட்ட முடியுமா?

அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, பிறகு நடந்தது. அந்தப் பணத்தின் உதவியோடு நடந்த ஆராய்ச்சி, நோயோடு தொடர்புடைய நெக்1 என்ற மரபணுவை 2016-இல் அடையாளம் கண்டது. பணம் கொடுத்தவர்களுக்கு அந்தச் செய்தியையும் சங்கம் கொண்டுபோய்ச் சேர்த்தது.