போத்தலும் கொதிநீரும்

1840களின் இறுதியில் நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர் அங்கே பியர் வடித்தார். பியரைக் கெடுப்பவை வேண்டாத நுண்ணுயிர்களே என்பதை 1876இல் லூயி பாஸ்டர் நூலாக விளக்கினார். இன்று இல்லத்தில் இஞ்சி பியர் செய்வோர்க்கும் அவ்வுண்மை பொருந்தும்.

போத்தலைக் கழுவுதல் வேறு. கிருமி நீக்குதல் வேறு. அடியில் ஒட்டிய வண்டல் கிருமிக்குக் கவசமாகும். ஆதலின் முதலில் வெந்நீரும் தூரிகையும் கொண்டு அதனை அகற்றுக. பின்னர்ப் போத்தலைக் குளிர்நீரில் அமிழ்த்தி, மெல்லக் கொதிக்க வைக்க.

மலைநாட்டார் ஒன்றை மறத்தலாகாது. ஏறத்தாழ 6,100 அடி உயரத்திலுள்ள நுவரெலியாவில் நீர் 94 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும். கடலோரத்தில் 10 நிமிடம் போதுமெனின், அங்கே 16 நிமிடம் வேண்டும்.

தோட்டத்துக் களைகொல்லி இருந்த போத்தலையோ எத்தனை நாழிகை கொதிக்க வைத்தாலும் நம்பலாகாது. கிருமியைக் கொல்லும் வெப்பம் நஞ்சைக் களையாது.