பள்ளிச் சின்னத்தில் ஓர் அணில்

(தலைநகரில் நம் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

நம் குடியிருப்புப் பள்ளிக்குப் புதிய சின்னம் ஒன்று வேண்டும் என்றும், அதில் ஒரு விலங்கின் உருவம் இருத்தல் வேண்டும் என்றும் சென்ற கூட்டத்தில் முடிவு செய்தோம். அதனை மாணவர்களே வரையட்டும் என்று அவர்களிடம் விட்டுவிட்டோம். விட்டுவிட்டோம் என்று சொல்கிறேனே ஒழிய, நம்மில் பலர் இன்னும் விட்டபாடில்லை. புலியைப் போடுங்கள் என்கிறார் ஒருவர். நல்ல ஓவியர் ஒருவரைக் கொண்டு ஒரே இரவில் முடித்துத் தருகிறேன் என்கிறார் மற்றோர் அன்பர். ஓவிய வகுப்பை நடத்துகிறவன் என்ற முறையில், பிள்ளைகளின் சார்பாக இவர்களுக்கு விடை கூறவே இங்கு நிற்கின்றேன்.

முதலில் புலியைப் பார்ப்போம். சோழர் செப்பேடுகளைக் கோத்த வளையங்களில் உள்ள முத்திரையைக் கண்டவர்கள் அறிவார்கள். அமர்ந்திருக்கும் புலி, அதனருகே இரண்டு கயல்கள், வில், மேலே குடை, இருபுறமும் சாமரம். வட்டமான ஒரு சிறு பரப்பில் இத்தனையையும் அடக்கிய கைத்திறனை எண்ணி வியக்கலாம். ஆனால் அங்கே கயல் பாண்டியனுடையது, வில் சேரனுடையது. அண்டை அரசர்களின் அடையாளங்களைத் தன் முத்திரைக்குள் அடக்கிக்கொண்ட பேரரசின் பெருமிதம் அது. நம் பள்ளியிலோ தஞ்சைப் பிள்ளையும் மதுரைப் பிள்ளையும் பாலக்காட்டுப் பிள்ளையும் ஒரே பலகையில் அமர்ந்து படிக்கின்றனர். வென்றவன் முத்திரையை யார் சட்டைப் பையில் தைப்பது?

1950ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் நம் நாடு ஏற்றுக்கொண்ட சின்னத்தைப் பாருங்கள். சாரநாத்தில் அசோகர் நிறுவிய தூணின் தலைப்பகுதி அது. சிங்கங்கள் நான்கு, நம் கண்ணுக்குத் தெரிவன மூன்று. கீழிருந்த தாமரையை விட்டுவிட்டார்கள். எதை விடுவது என்று அறிவதுதான் சின்னம் வரைவோருக்கு முதற் பாடம். அரசியலமைப்பின் கையெழுத்துப் படியை அணி செய்யும் பணி சாந்திநிகேதனத்தின் நந்தலால் போஸிடம் ஒப்படைக்கப்பட்டது. அவருடைய மாணவர் தீனநாத் பார்கவா இச்சிங்கங்களை வரைவதற்காகக் கல்கத்தா விலங்குக் காட்சிசாலைக்குச் சென்று உயிருள்ள சிங்கங்களை உற்று நோக்கினார் என்பர். கல்லில் சிங்கம் இருக்கும்போது கூண்டுச் சிங்கத்தை ஏன் பார்க்க வேண்டும்? இந்த வினாவை வகுப்பில் கேட்டேன். விடை, வேறொரு வழியில், சில வாரங்கள் கழித்து வந்தது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வரைந்த படங்களைப் பெயர் இல்லாமல் சுவரில் ஒட்டினோம். ஒவ்வொருவரும் பிறர் படத்தைப் பற்றிப் பேச வேண்டும். விதி இரண்டே. "நன்றாக இருக்கிறது", "நன்றாக இல்லை" என்னும் சொற்கள் கூடா. கண்ணில் பட்டதையே சொல்ல வேண்டும். வரைந்தவர் எல்லாரும் பேசி முடிக்கும் வரை வாய் திறக்கலாகாது. இரண்டாவது விதி பிள்ளைகளுக்கு மிகக் கடினமாக இருந்தது. பெரியவர்களாகிய நமக்கு இயலுமா என்பது ஐயமே!

புலி ஒன்று வந்தது. "இதன் வயிறு தொங்குகிறது, பால் குடித்த பூனை போல் இருக்கிறது" என்றான் ஒருவன். சிரிப்பு எழுந்தது, ஆயினும் அடுத்த வாரம் வயிறு ஒட்டிய புலி ஒன்று வந்தது. யானையும் வந்தது. 1982ஆம் ஆண்டு இந்நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியின் அப்பு யானையைப் பெற்றோர் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள் போலும். அந்தப் போட்டிக்கு அதிகாரச் சின்னமாக இருந்தது ஜந்தர் மந்தர். அப்பு விளையாட்டுத் தோழனாக வேறாக நின்றது. நமக்கோ இரண்டுக்கும் சேர்த்து ஒன்றுதான். 2022இல் மாமல்லபுரத்துச் சதுரங்க ஒலிம்பியாடில் வேட்டி கட்டிக் கைகூப்பி நின்ற "தம்பி" குதிரையை நினைத்து, எந்த விலங்கானாலும் வேட்டி கட்டிவிடலாம் என்றாள் ஒரு சிறுமி. "வால் எந்தப் பக்கமாக வரும்?" என்று பின்வரிசையிலிருந்து கேள்வி வந்தது. அந்த யோசனை அத்துடன் நின்றது.

பிறகு ஓர் அணில் வந்தது. முதுகில் மூன்று வெள்ளைக் கோடுகள். இராமபிரான் விரல்களால் தடவிய கதையை அந்தப் பெண்ணுக்குப் பாட்டி சொல்லியிருக்கிறார். கடலடைக்க முயன்ற அணிலைத் தொண்டரடிப்பொடியாழ்வாரே தம் திருமாலையில் நினைத்திருக்கிறார், பழமையான செய்திதான். ஆனால் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து, "நம் வேப்பமரத்து அணிலுக்கு ஐந்து கோடுகள் இருக்கின்றன" என்றான். வகுப்பே வெளியே ஓடியது. எண்ணிப் பார்த்தார்கள். ஐந்துதான், ஓரத்து இரண்டும் சற்று மங்கல்.

அன்று அந்தப் பெண் அழுதுவிட்டாள். பாட்டி பொய் சொன்னார் என்று ஆகிவிட்டதே என்பது அவள் துயரம். பாட்டியும் பொய் சொல்லவில்லை, தோழனும் பிழை சொல்லவில்லை. தென்னாட்டில் வாழ்வது மூன்று வரி அணில். வடக்கே நாம் காண்பது ஐந்து வரி அணில். இரண்டும் வெவ்வேறு இனங்கள். தாத்தாவின் ஊரிலிருந்து படம் வரவழைத்து இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள்.

எந்த அணிலை வரைவது? இங்கே பிறந்து, ஆண்டுக்கு ஒருமுறை கோடை விடுமுறையில் மட்டும் தமிழகம் காணும் பிள்ளைகளுக்கு இது வெறும் கோட்டுக் கணக்கு அன்று. இரண்டு வகுப்புகளும் ஒரு வாரம் வாதாடின. நான் வாய் திறக்கவில்லை. இறுதியில் அந்தப் பெண்ணே வேப்பமரத்து அணிலைப் பக்கவாட்டில் வரைந்து கொண்டுவந்தாள். ஐந்து வரி அணிலைப் பக்கத்திலிருந்து பார்த்தால் நடுக்கோடும், இப்புறத்து இரண்டும் ஆக மூன்று கோடுகளே தெரியும்! பாட்டியின் எண்ணிக்கை கெடவில்லை. மரத்து அணிலும் மாறவில்லை. வெளியிலிருந்து வரும் ஓவியர் ஒரே இரவில் அழகான அணிலைத் தந்திருப்பார். இதைத் தந்திருக்க மாட்டார்.

எனினும் வேலை முடியவில்லை. முழத் தாளில் தெளிவாக இருக்கும் அந்த மூன்று கோடுகள், சட்டைப் பை அளவுக்குச் சுருக்கியபோது இரண்டாகிவிட்டன. நடுக்கோடு முதுகின் விளிம்போடு கலந்துவிடுகிறது. ரப்பர் முத்திரையில் மை பட்டால் மற்ற இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. கோட்டைத் தடிப்பாக்கு என்கிறது ஒரு கட்சி. வாலைச் சிறிதாக்கி உடலைப் பெரிதாக்கு என்கிறது மறு கட்சி.

ஆகவே செயற்குழுவினரை நான் வேண்டுவது இதுதான். இன்று கைதூக்கி வாக்கெடுத்து எதையும் முடிவு செய்ய வேண்டா. படத்தை மூன்று அளவுகளில், முழ அளவிலும் உள்ளங்கை அளவிலும் ஒரு ரூபாய் நாணய அளவிலும், வாயிலருகே ஒட்டியிருக்கிறோம். பக்கத்தில் சீட்டும் பென்சிலும் உண்டு. பெயர் எழுத வேண்டா. கண்ணில் பட்டதை எழுதுங்கள். பிள்ளைகளின் முதல் விதி உங்களுக்கும் உண்டு. சீட்டுகளைப் பந்தி முடிந்ததும் அவர்களே எடுத்துக்கொள்வார்கள். வருகிற சனிக்கிழமை மீண்டும் வரையப்போகிறார்கள்.