சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பே



பொங்கல் கழிந்ததும் ஊர்ப்பக்கம் பழைய வீடுகளில் வேலை ஆரம்பித்துவிடும். மழை ஓய்ந்திருக்கும், சுவர்கள் காயத் தொடங்கியிருக்கும், வெளியூரில் இருக்கிற பிள்ளைகள் வந்து தங்கிவிட்டுப் போயிருப்பார்கள். போகும்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார்கள். "அந்தப் பின்கட்டு ரூமை மட்டும் கொஞ்சம் சரி பண்ணி பெட்ரூமா ஆக்கிட்டா, வர்றப்ப தங்க வசதியா இருக்கும்." நல்ல யோசனைதான். பூட்டிக் கிடக்கிற வீட்டைவிட ஆள் படுத்து எழுந்திருக்கிற வீடு நெடுங்காலம் நிற்கும். அடுத்து நடப்பதை நினைத்தால்தான் எனக்குக் கவலை. நேராகப் பெயிண்ட் கடைக்குப் போகிறார்கள், வண்ண அட்டையைப் புரட்டுகிறார்கள், நிறத்தை முடிவு செய்துவிடுகிறார்கள். அந்தச் சுவர் எதனால் கட்டியது என்று யாரும் கேட்பதில்லை.

சிமெண்டு நம் ஊருக்குப் பிந்தி வந்த பொருள். இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றது 1824-ல். இந்தியாவில் அதைச் செய்து பார்க்கும் முதல் முயற்சி 1904-ல் சென்னையிலேயே நடந்தது. ஆனால் அது நிலைக்கவில்லை. 1914-ல் குஜராத்தின் போர்பந்தரில் தொடங்கிய ஆலைக்குப் பிறகுதான் இங்கே சிமெண்டுத் தொழில் வேரூன்றியது. அது சிற்றூர் வரைக்கும் வந்து சேர இன்னும் பல காலம் ஆயிற்று. ஆகவே உங்கள் தாத்தாவோ அவருடைய அப்பாவோ கட்டிய வீடு என்றால், அது பெரும்பாலும் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் சேர்ந்த வீடாகத்தான் இருக்கும். சந்தேகம் இருந்தால் ஒரு மூலையில் ஆணியால் கீறிப் பாருங்கள். வெள்ளையாக, மாவு மாதிரி எளிதில் உதிர்ந்தால் சுண்ணாம்பு. சாம்பல் நிறமாக, ஆணிக்கு மசியாமல் இருந்தால் சிமெண்டு. இடையில் எப்போதோ யாரோ பூசியிருக்கலாம்.

சுண்ணாம்பு வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் போட்டுச் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு வெளியே போய்விடும். சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதித்துப் பொங்கி நீறும். அதை மணலோடு குழைத்துச் சுவரில் பூசினால், போன கரியமில வாயுவைக் காற்றிலிருந்து மெல்ல மெல்லத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடி கல்லாகும். இதற்கு மாதக்கணக்கில் ஆகும், சில சுவர்களில் வருஷக்கணக்கிலும் ஆகும். இப்படி உண்டாகிற பூச்சில் நுண்ணிய துளைகள் ஏராளம். அந்தத் துளைகள்தான் பழைய வீட்டைக் காப்பாற்றி வந்திருக்கின்றன.

எப்படி என்றால், அந்தக் காலத்து அஸ்திவாரத்தில் ஓதத்தைத் தடுக்கிற அடுக்கு கிடையாது. மண்ணில் இருக்கும் ஈரம் செங்கல் வழியாக மேலே ஏறும். ஏறிய ஈரம் சுண்ணாம்புப் பூச்சின் துளைகள் வழியாக வெளியே வந்து காற்றில் கலந்துவிடும். ஏறுவதும் போவதும் சரிக்குச் சரியாக இருந்தவரைக்கும் வீட்டுக்காரருக்கு ஓதம் என்ற பேச்சே எழவில்லை. அதன் மேல் சிமெண்டைப் பூசி, பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, பிளாஸ்டிக் எமல்ஷன் பெயிண்டையும் அடித்தால் என்ன ஆகும்? வெயிலில் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு நிற்கிற ஆளின் கதிதான். உள்ளே ஈரம் சேரும். வழி தேடி இன்னும் உயரமாக ஏறும். கூடவே மண்ணிலிருந்து கரைத்துக்கொண்டு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகித் தள்ளும்.

கும்பகோணம் பக்கம் ஒரு வீட்டில் இதைக் கண்ணெதிரே பார்த்தேன். கட்டில் போட்டிருந்த சுவரில், இடுப்பு உயரத்துக்குப் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. விரலால் அழுத்தினால் வெடித்தது. உள்ளே வெள்ளை வெளேர் என்று பஞ்சு மாதிரி உப்பு. வீட்டு அம்மாள் கொத்தனாரைக் கேட்டார்: "ஏன் கொத்தனாரே, பெயிண்ட் அடிச்சு மூணு வருஷங்கூட ஆவலை, அதுக்குள்ள இப்படிப் பொரிஞ்சு கொட்டுதே?" அவர் கரண்டி முனையால் பூச்சை நெம்பினார். சிமெண்டுப் பூச்சு ஒரு பெரிய பலகை மாதிரி அப்படியே கையோடு வந்துவிட்டது. பின்னால் செங்கல் ஈரத்தில் கறுத்திருந்தது. "பெயிண்டு மேல குத்தம் இல்லம்மா. உள்ள இருக்கிற தண்ணிக்கு வெளிய வர வழி இல்ல. அதான் தள்ளிக்கிட்டு வருது" என்றார். இதைவிடத் தெளிவாக எந்தப் பொறியாளரும் சொல்லிவிட முடியாது.

அதனால் அறைக்குள் வேலையைத் தொடங்குவதற்கு முன் வெளியே போய்ச் சுவரைச் சுற்றி வாருங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். நம் தெருக்களில் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே திரும்பத் திரும்பப் போட்டு, ரோடு வீட்டுத் தரையைவிட உயர்ந்துவிட்டது. மழைத் தண்ணீர் சுவரோரம் நிற்கிறது. கொல்லைப்புறத்தில் சேறு ஆகிறது என்று சிமெண்டுத் தளம் போட்டிருப்பார்கள். மண்ணிலிருந்து மேலே போய்க்கொண்டிருந்த ஈரம் அங்கே அடைபட்டுச் சுவருக்குள் புகும். குளியலறைக் குழாய் கசியும். ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற தண்ணீர் கூட, நாள் முழுக்கச் சுவரடியில் விழுந்தால் போதும். இவற்றைச் சரிசெய்யாமல் உள்ளே எந்த வேலை செய்தாலும் காசு வீண்தான்.

பிறகு மேலே ஏறுங்கள். மெட்ராஸ் டெரஸ் என்று சொல்கிற மெத்தைத் தளம் என்றால், தேக்குக் கட்டைகளின் மேல் சன்னமான செங்கல்லைச் செங்குத்தாக, மூலைவாட்டில் நெருக்கி அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடித்து இறுக்கி, தட்டு ஓடு பதித்திருப்பார்கள். அந்த ஓட்டின் இடுக்கிலும் கைப்பிடிச் சுவரிலும் அரசங்கன்று முளைத்திருக்கிறதா பாருங்கள். கிள்ளிப் போட்டால் போதாது, வேரோடு எடுத்துவிட்டு அந்த இடத்தைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைக்க வேண்டும். ஒழுகுகிறது என்று மேலே கான்கிரீட் போடச் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். பாரமும் கூடும், ஈரமும் அடைபடும். சுவருக்குள் இருக்கும் கட்டையின் நுனி முதலில் மக்கும். அறைக்குள் நின்றுகொண்டு, கட்டை சுவருக்குள் நுழைகிற இடத்தை ஒரு திருப்புளியால் குத்திப் பார்த்தால் மரம் திடமாக இருக்கிறதா, உளுத்ததா, கரையான் தின்றதா என்று தெரிந்துவிடும்.

இதனாலேயே ஃபால்ஸ் சீலிங்கை நான் கட்டோடு எதிர்க்கிறேன். வரிசையாக ஓடும் அந்தக் கட்டைகளைவிட அழகாக ஒரு கூரையைப் புதிதாக யாரும் செய்து தந்துவிடப் போவதில்லை. அழகை விடுங்கள். ஒழுகலையும் கரையானையும் கண்ணில் படாமல் மறைத்துவிட்டு அதன் கீழே பிள்ளைகளைப் படுக்கவைக்கிற வேலை அது.

இப்போது சுவருக்கு வருவோம். எமல்ஷன் பெயிண்டையும் பட்டியையும் முழுக்கச் சுரண்ட வேண்டும். அவற்றின் மேல் சுண்ணாம்பு பிடிக்காது. சிமெண்டுப் பூச்சு உப்பி நிற்கிற இடங்களைத் தட்டிப் பார்த்து, வெற்றொலி கேட்கிற இடத்தை மட்டும் கொத்தி எடுக்கலாம். செங்கல் தெரிந்ததும் உடனே பூசிவிடாதீர்கள். உப்பைத் துடைப்பத்தால் உலர்ந்தபடியே கூட்டி எடுத்துவிட்டு, ஜன்னலைத் திறந்துபோட்டு, சில வாரம் காயவிடுங்கள். மாசியும் பங்குனியும் இதற்கு ஏற்ற மாதங்கள். பூசுவதற்கு நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்குக்கு மணல் இரண்டரை, மூன்று பங்கு. கடுக்காயை இடித்து வெல்லத்தோடு ஊறப்போட்டு, அந்த நீரை விட்டுக் குழைக்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. செட்டிநாட்டு வீடுகளில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து அடுக்கடுக்காகப் பூசி, தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய சுவர்கள் இன்றும் பளபளக்கின்றன. அந்த அளவுக்குப் படுக்கையறைக்குத் தேவை இல்லை. சாதாரணச் சுண்ணாம்புப் பூச்சே போதும். அதைச் சில நாள் தண்ணீர் தெளித்து ஈரமாக வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அதன் மேல் வெள்ளையடிப்பு. நீற்றிய சுண்ணாம்பைப் பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, பால் பதத்துக்குக் கரைத்து, கொஞ்சம் கோந்து சேர்த்து, சுவரை நனைத்துவிட்டு அடிக்க வேண்டும். முதல் கை அடிக்கும்போது பலர் பயந்துவிடுகிறார்கள். வெள்ளையடிக்கிற மட்டை போன இடத்தில் நிறமே தெரியாது. வெறும் தண்ணீர் அடித்த மாதிரி, பின்னால் இருக்கிற கறையெல்லாம் தெரியும். உடனே, கெட்டியாகக் கரை என்பார்கள். கெட்டியாக அடித்தால் காய்ந்ததும் செதில் செதிலாக உதிரும். பொறுத்திருங்கள். காயக் காய, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வெண்மை ஏறி வரும். அடுத்த நாள் இரண்டாவது கை, அதற்கடுத்த நாள் மூன்றாவது. மூன்றாவது கை காய்ந்த பிறகு அந்த அறைக்குள் காலை வெளிச்சம் பட்டால், சின்ன ஜன்னல் உள்ள அறைகூட நிறைந்துவிடும். அந்த மென்மையான வெண்மையை நான் எந்த டப்பாவிலும் பார்த்ததில்லை. நிறம் வேண்டும் என்றால் காவி, மஞ்சள் மண் போன்ற மண் நிறங்களைக் கலக்கலாம். அவை சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும். அந்தக் காரம் இருப்பதால்தான் பூஞ்சை எளிதில் பிடிப்பதில்லை. அதே காரம் கண்ணைக் கெடுக்கும் என்பதால் வேலை செய்கிறவர்கள் கண்ணாடி போட்டுக்கொண்டே ஆக வேண்டும். கையில் எண்ணெய் தடவிக்கொள்வதும் நல்லது.

சுண்ணாம்பு சட்டையில் ஒட்டுமே என்று கேட்பீர்கள். கோந்து சேர்த்தால் குறையும். கட்டிலுக்குப் பின்னால் ஒரு கோரைப் பாயைத் தொங்கவிடுங்கள். முதுகுக்கும் இதம், ஈரமும் அடைபடாது. பீரோவையும் கட்டிலையும் வெளிச்சுவரோடு ஒட்டிப் போடாமல் நான்கு விரற்கடை இடம் விடுங்கள். பூஞ்சை முதலில் வருவது பீரோவின் முதுகுப்புறத்தில்தான்.

தரையில் ஆத்தங்குடிக் கல்லோ சிவப்பு ஆக்சைடோ இருந்தால் அதைத் தொடாதீர்கள். ஆத்தங்குடிக் கல் கண்ணாடி மேல் வண்ணக் கலவையை ஊற்றிக் கையால் வார்த்தது. நடக்க நடக்க மெருகு ஏறும். துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவினால் போதும். அதன் மேல் விட்ரிஃபைட் டைல்ஸ் ஒட்டினால் கீழிருந்து வரும் ஈரம் தரையில் வழி அடைபட்டு, மறுபடி சுவரைத் தேடித்தான் போகும்.

கதவு, ஜன்னல் பெயிண்டைச் சுரண்டும்போது ஒரு எச்சரிக்கை. பழைய எண்ணெய்ப் பெயிண்டுகளில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். உலர்ந்தபடியே உப்புக் காகிதத்தால் தேய்த்தால் அந்தத் தூள் குழந்தைகளின் மூச்சில் போகும், கை வழியாக வாயிலும் போகும். தண்ணீர் தொட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். வேலை முடிகிறவரை குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வர வேண்டாம். மேலும் கீழுமாக இரண்டு அடுக்குக் கதவு உள்ள பழைய ஜன்னலை மாற்றவே மாற்றாதீர்கள். கீழே சாத்தி மேலே திறந்தால் மறைவும் இருக்கும், காற்றும் வரும். இழுக்கிற பிளாஸ்டிக் ஜன்னல் எப்போதும் பாதிதான் திறக்கும்.

மின்சாரத்தில் மட்டும் பழசை வைத்துக்கொள்ளக் கூடாது. ரப்பர் உறை போட்ட பழைய வயர்களை முழுக்க மாற்றுங்கள். எர்த் சரியாக இருக்கட்டும். மின்கசிவு வந்ததும் இணைப்பைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று அவசியம். ஓதம் உள்ள சுவரில் மின்கசிவு உயிருக்கு ஆபத்து. வயரைச் சுவருக்குள் புதைக்கக் காடி வெட்ட வேண்டாம். மேலோடு பட்டை வைத்துக் கொண்டுபோனால் சுவரும் பிழைக்கும், பழுது பார்க்கவும் எளிது. விளக்கு மாடத்தை அடைக்காதீர்கள். மூக்குக்கண்ணாடிக்கும் தண்ணீர்ச் செம்புக்கும் படுக்கைப் பக்கத்தில் அதைவிட நல்ல இடம் கிடையாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். வேலை கேட்பவர்கள் இல்லாததால் அவர்களும் சிமெண்டுக்குப் போய்விட்டார்கள். உங்கள் ஊரில் கோயில் திருப்பணியில் சுண்ணாம்பு குழைத்த பெரியவர் ஒருவர் இருக்கக் கூடும். விசாரித்து அவரைக் கூப்பிடுங்கள். உரிய கூலி கொடுங்கள். உதவிக்கு வயதில் சின்னவர் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளச் சொல்லி, அவருக்கான கூலியையும் நீங்களே கொடுங்கள். அடுத்த வீட்டுக்கு அவர் தேவைப்படுவார்.