காலமும் கணக்கும்

 

உயிர், புற்கலம், தருமம், அதருமம், ஆகாயம், காலம் என ஆறு திரவியங்களைச் சமண நூல்கள் கூறுகின்றன. அவற்றுள் முதல் ஐந்தும் அத்திகாயங்கள் எனப்படும். காலம் அவ்வகையில் சேராது. காலத்தின் அணுக்கள் ஒன்றோடொன்று கூடிப் பிண்டமாவதில்லை; உலகாகாயத்தின் ஒவ்வொரு பிரதேசத்திலும் ஒவ்வொன்றாகத் தனித்து நிற்கின்றன. அக்காலத்தையும் நிச்சய காலம், வியவகார காலம் என இருவகையாகப் பகுத்தனர் ஆன்றோர். பொருள்கள் மாறுவதற்குத் துணையாய் நிற்பது முன்னது. அம்மாற்றங்களைக் கொண்டு நாழிகை, நாள், திங்கள், ஆண்டு என உலகோர் கணக்கிட்டுக்கொள்வது பின்னது. காலம் வேறு, காலக் கணக்கு வேறு என்னும் இத்தெளிவு, கணிதமும் கணினியும் இன்று காலத்தைக் கையாளும் முறையை விளங்கிக்கொள்வதற்கும் நல்ல துணையாகும்.

காலத்தை நேரே அளந்தவர் எவருமிலர். மீண்டும் மீண்டும் ஒரே வகையாய் நிகழும் ஒன்றைத் தெரிந்துகொண்டு, அது எத்தனை முறை நிகழ்ந்தது என்று எண்ணுவதையே அளத்தல் என்கிறோம். பொன்னூர் மலையில் திருவடி வைத்துப் போற்றப்படும் குந்தகுந்தர், தம் பஞ்சாத்திகாயத்தில் நிமிடம், நாழிகை, நாள் முதலிய அளவைகள் பிற பொருள்களைச் சார்ந்தே அறியப்படுவன என்று உணர்த்தினார். சமண முனிவராகிய பவணந்தியார், நன்னூலில் எழுத்தொலியை அளக்க மேற்கொண்ட மாத்திரையும் அத்தகையதே. இயல்பாகக் கண் இமைக்கும் பொழுதே, கை நொடிக்கும் பொழுதே ஒரு மாத்திரை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. முல்லைப்பாட்டில் வரும் பொழுதளப்போர் வட்டிலின் நீரைக் கொண்டு நாழிகை கணக்கிட்டனர்.

இன்றைய கருவிகளின் நுட்பம் பெரிது, நெறி அதுவே. கைக்கடிகாரத்தில் உள்ள குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அவ்வெண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் ஒன்று வரும்; ஆகவே நொடிக்கு ஒரு துடிப்பை எளிதில் பெறலாம். 1967ஆம் ஆண்டு முதல், சீசியம் அணுவின் குறிப்பிட்ட கதிர்வீச்சு 919 கோடியே 26 லட்சத்து 31 ஆயிரத்து 770 முறை அதிரும் பொழுதே ஒரு நொடி என உலக நாடுகள் வரையறுத்தன. பூமியின் சுழற்சியோ அத்துணைச் சீரானதன்று. இரண்டையும் இசைவிக்க 1972 முதல் 27 முறை ஒரு நொடியைக் கூடுதலாகச் சேர்க்க நேர்ந்தது. இம்முறையை 2035ஆம் ஆண்டுக்குள் மாற்றியமைப்பதென 2022இல் முடிவு செய்தனர். நொடியைச் சேர்ப்பதும் விடுப்பதும் மாந்தர் கூடி எடுக்கும் முடிவு என்றால், அது வியவகார காலம் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இனிக் கணிதத்தின் பார்வை. கணிதவியலார் காலத்தை இருவகையாக உருவகிப்பர். ஒன்று, இடையறாத கோடு. அக்கோட்டில் எந்த இரு புள்ளிகளுக்கும் இடையே மற்றொரு புள்ளி உண்டு. பகுக்கப் பகுக்க முடிவில்லை. கோள்களின் இயக்கத்தைக் கணிக்க இவ்வுருவகமே ஏற்றது. மற்றொன்று, படிப்படியாய்ச் செல்லும் வரிசை. ஒன்று, அடுத்தது, அதற்கடுத்தது என எண்ணலாம். இரு படிகளுக்கு இடையே எதுவுமில்லை. ஆகமங்கள் கூறும் சமயம் என்னும் அளவை இவ்விரண்டாம் வகையை ஒத்தது. இங்குச் சமயம் என்பது மதத்தைக் குறிக்கும் சொல் அன்று. ஓர் அணு ஒரு பிரதேசத்திலிருந்து அடுத்த பிரதேசத்திற்கு மெல்லச் செல்லும் பொழுதே சமயம். அதற்கு மேல் பகுக்க இயலாதது.

கணினி படிகளையே அறியும். ஒரு வேலையின் கடுமையைக் கூட அறிஞர்கள் நொடிகளால் அளவாமல் படிகளால் அளப்பர். அகர வரிசையில் அமைந்த பத்து லட்சம் பெயர்களில் ஒன்றைத் தேட, நடுவில் பார்த்துப் பாதியைத் தள்ளிக்கொண்டே சென்றால் இருபது படிகள் போதும். முதலிலிருந்து ஒவ்வொன்றாய்ப் பார்த்தால் பத்து லட்சம் படிகள் வரை ஆகலாம். எந்திரம் விரைவானதோ மெதுவானதோ, இவ்வேறுபாடு மாறாது.

எண்ணுவதற்குத் தொடக்கம் ஒன்று வேண்டும். வர்த்தமானர் முத்தியடைந்த கி.மு. 527ஐக் கொண்டு வீர நிர்வாண ஆண்டு கணக்கிடப்படுவது போல, யூனிக்ஸ் வழிவந்த கணினிகள் 1970 சனவரி 1ஆம் நாளைத் தொடக்கமாகக் கொண்டு நொடிகளை எண்ணி வருகின்றன. பழைய அமைப்புகளில் அவ்வெண்ணை எழுத 32 இடங்களே ஒதுக்கப்பட்டன. அவ்விடங்கள் 2038 சனவரி 19 அன்று இந்திய நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடியில் நிறைந்துவிடும். திருத்தப்படாத கணினி மறுநொடியை 1901ஆம் ஆண்டு திசம்பர் என்று கொள்ளும். இடங்களை 64 ஆக்கினால் ஏறத்தாழ 29,200 கோடி ஆண்டுகளுக்குக் குறையில்லை. சமண நூல்கள் எண்களைச் சங்கியாதம், அசங்கியாதம், அனந்தம் என மூன்றாக வகுத்தன. கணினி எத்துணைப் பெரிதாயினும் அதன் எண்கள் சங்கியாதத்திற்குள் அடங்கியனவே.

இவை வெறும் எண் விளையாட்டல்ல என்பதற்குத் துயரமான சான்று ஒன்றுண்டு. 1991 பிப்ரவரி 25 அன்று, வளைகுடாப் போரின்போது, சவூதி அரேபியாவின் தஹ்ரானில் வந்து வீழ்ந்த ஓர் ஏவுகணையால் அமெரிக்க வீரர்கள் 28 பேர் மாண்டனர். அதைத் தடுக்க வேண்டிய பேட்ரியாட் அமைப்பு இடம் தவறிப் பார்த்தது. அதன் கணினி நொடியில் பத்தில் ஒரு பங்கை அலகாகக் கொண்டு எண்ணியது. மூன்றில் ஒன்றைப் பதின்மத்தில் எழுதினால் முடிவின்றி நீள்வது போலவே, பத்தில் ஒன்று இரண்டடிமான எண்முறையில் முடிவின்றி நீளும். அதை 24 இடங்களோடு வெட்டியதால், ஒவ்வோர் அலகிலும் ஒரு நொடியின் கோடியில் ஒரு பங்கு அளவுக்குப் பிழை நேர்ந்தது. நூறு மணி நேரம் ஓய்வின்றி இயங்கிய பின் அப்பிழை ஏறத்தாழ 0.34 நொடியாக வளர்ந்துவிட்டது. ஏவுகணை அதற்குள் அரைக் கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடும். திருத்திய மென்பொருள் மறுநாள் வந்து சேர்ந்தது.

எங்கும் ஒரே கடிகாரம் என்பதும் இயலாத ஒன்று. ஓர் ஊரில் பணம் செலுத்தப்படுகிறது; வேறோர் ஊரில் எடுக்கப்படுகிறது. இரு கணினிகளின் கடிகாரங்களும் சற்றே மாறுபட்டால் எது முன், எது பின்? 1978இல் லெஸ்லி லாம்போர்ட் என்னும் அறிஞர் இதற்கு விடை கண்டார். கடிகாரத்தை விட்டுக் காரண காரிய முறையைப் பற்றினார் அவர். செய்தியை அனுப்புதல் முன், பெறுதல் பின், இஃது எக்காலும் மாறாது. ஆகவே ஒவ்வொரு கணினியும் தன் நிகழ்வுகளை எண்ணிவரட்டும். அனுப்பும் செய்தியோடு அவ்வெண்ணையும் அனுப்பட்டும். 5 என்னும் எண்ணோடு செய்தி வந்தால், பெறும் கணினி 2இல் நின்றாலும் உடனே 6க்கு உயரட்டும். இவ்வாறு காரணம் என்றும் காரியத்திற்கு முன்னதாகவே எண்ணப்பெறும். ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத இரு நிகழ்வுகளில் எது முந்தியது என்று இம்முறை தீர்ப்புச் சொல்வதில்லை. தெரியாததைத் தெரிந்ததாகக் கூறாத அவ்வடக்கமே அதன் வலிமை.

அந்த அடக்கம் நமக்கும் வேண்டும். கணினியின் துடிப்பும் ஆகமத்தின் சமயமும் ஒன்றே என்றும், இக்கருவிகளையெல்லாம் முன்னோர் அன்றே கண்டுவிட்டனர் என்றும் மேடையில் முழங்குவது எளிது. அது பொருந்தாது. ஓர் ஆவலியிலேயே அசங்கியாதமான சமயங்கள் உண்டு என்பது நூல்களின் கூற்று. ஆகவே சமயத்தை நொடியின் எந்தப் பின்னத்தோடும் சமன் செய்ய வழியில்லை. மிகையான பெருமையைக் கேட்டு வளரும் பிள்ளைகள், பள்ளியில் உண்மையை அறியும் நாளில் நூல்களையே ஐயுறத் தொடங்குவர். உள்ளதை உள்ளவாறு உரைப்பதே நற்காட்சிக்கு அழகு. முன்னோர் கருவி செய்யவில்லை. ஆழ்ந்த வினாக்களை எழுப்பினர். காலம் பகுக்கத் தொலையுமா, எண்ணி முடியுமா, அளவையும் அளக்கப்படுவதும் ஒன்றா என்னும் அவ்வினாக்கள் இன்றும் உயிரோடு இருக்கின்றன. கணிதமும் கணினியும் பயிலும் நம் பிள்ளைகள் அவ்வினாக்களுக்கு உரியவர்கள்.

ஒரு நாளுக்கு முப்பது முகூர்த்தம். ஒரு முகூர்த்தம் இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம். சாமாயிகத்திற்கு ஆன்றோர் வகுத்த பொழுது அதுவே. கோடியில் ஒரு பங்கு பிழையும் திரண்டு உயிரைக் கொள்ளும் என்பதை தஹ்ரான் காட்டியது. சிறு கவனக்குறைவும் வினையாய்த் திரளும் என்பது அறவோர் நெடுங்காலமாகக் கூறிவரும் உரை. கடிகாரம் எத்துணை நுட்பமாயினும் பொழுதை எண்ணித் தருவதோடு அதன் பணி முடிகிறது. முப்பதில் ஒரு முகூர்த்தத்தையேனும் தன்னைத் தான் நோக்குவதற்கு ஒதுக்குவது அவரவர் கடன்.