குடியும் சாலையும்



வாழ்நாளை நீட்டிக்கும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவைக்கு ஈந்தவன் தகடூர் அதியமான். அந்தத் தகடூர் மண்ணில் இன்று குடித்து ஊர்தி ஓட்டுவோன் பிறர் வாழ்நாளைப் பறிக்கின்றான். தொப்பூர்க் கணவாய்ச் சரிவில் தெளிந்த கண்ணுக்கே சரக்குந்து அடங்காது. மயங்கிய கண்ணுக்கு அடங்குமோ?

1937இல் குடிவிலக்கு முதன்முதல் வந்தது சேலம் மாவட்டத்தில். தகடூர் அன்று அதனுள் அடக்கம். 1971இல் விலக்குத் தளர்ந்தது. 2003இல் அரசே சில்லறைக் கடை விரித்தது. நெடுஞ்சாலைக்கு 500 மீட்டருக்குள் கடை கூடாதென உச்ச அறமன்றம் 2016இல் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே அதுவும் தளர்ந்தது. கடை நகர்ந்தது, குடி நகரவில்லை.

குடித்தவன் கையில் திறவுகோலைக் கொடாதீர்! தடுப்பவன் பகைவன் அல்லன், அவனே உறவினன். உயிர் ஈந்த மண் உயிர் பறிக்கலாகாது.